கடைசி வெள்ளியும் டிக்கெட் அக்காவும்

டிக்கெட் அக்கா என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய கை. கண்ணாடி ஜன்னலின் சின்னத் துளை வழியே வெளியே வந்து, 'இல்லை' என்று மெல்ல ஆடும். ஷார்ஜாவில் உப்பங்கழியோரம் இருந்த கேளிக்கைப் பூங்காவில், யாழ்ப்பாணத்துக்காரரான அவர் டிக்கெட் கொடுத்தார். நான் ராட்டினம் ஓட்டினேன். கழியைத் தூர்த்த மணலில் பூங்கா எழுந்ததையும், ராட்டினம் துண்டுதுண்டாகக் கப்பலில் வந்ததையும், தண்ணீரில் அதன் விளக்குகள் மிதப்பதைப் பார்க்க துபாயிலிருந்தெல்லாம் கார்கள் வந்ததையும் அவர்தான் எனக்குச் சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் குடும்பங்களுக்கு மட்டுமே அனுமதி. பக்கத்து ரோலாவிலிருந்து நடந்து வரும் பேச்சுலர்களை, அதாவது குடும்பத்தை ஊரில் விட்டு அறைகளில் கூட்டமாகத் தங்கியிருந்த தொழிலாளிகளை, திருப்பி அனுப்ப வேண்டியது அக்காவின் வேலை. அவர்கள் சண்டை போட மாட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று ராட்டினத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இரண்டாயிரங்களின் நடுவில், ஊரெங்கும் கட்டடங்கள் எழுந்த காலத்தில், அந்த நிலமும் கைமாறி, பூங்காவை மூட முடிவானது. கடைசி வெள்ளியன்று மாலையும் பேச்சுலர்கள் வந்தார்கள். அக்கா கையை ஆட்டவில்லை. அறையைவிட்டு வெளியே வந்து, வரிசையில் நின்ற ஒரு தமிழரிடம், "அண்ணா, இந்த ரெண்டு பெடியளையும் உங்கட ஆக்கள் எண்டு கூட்டிக்கொண்டு போறியளோ?" என்று கேட்டார். அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "வாங்க தம்பிகளா" என்றார். பின்னால் நின்ற பாகிஸ்தானிப் பெரியவர் ஐந்து பேரைத் தன் மகன்கள் என்று அழைத்துப் போனார். நான் ராட்டினத்தை நிறுத்திவிட்டு அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, மேனேஜர் பாத்தாருன்னா நம்ம ரெண்டு பேருக்கும் சீட்டு கிழிஞ்சிரும்."

"நீ ராட்டினத்தைச் சுத்து தம்பி. கேட்டால் நான்தான் எண்டு சொல்லு."

மேனேஜர் வந்தார். கம்பெனிச் சீருடை போட்ட தொழிலாளிகளோடு சுற்றிய ராட்டினத்தை நிமிர்ந்து பார்த்து, இவர்களெல்லாம் யார் என்று இந்தியில் கேட்டார். "சப் ஃபேமிலி ஹே", எல்லாரும் குடும்பம்தான் என்றார் அக்கா. மேனேஜர் அலுவலகத்துக்குப் போய், என்னைக் கூப்பிட்டு, இவர்களை உள்ளே விட்டது யார் என்று விசாரித்தார். "அவங்கதான்" என்றேன்.

பூங்கா மூடியதும், வேறு வேலைக்கு மாறக் கம்பெனி தர வேண்டிய கடிதம் எனக்குக் கிடைத்தது, அக்காவுக்குக் கிடைக்கவில்லை. விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் சொல்லிக்கொடுத்த பதிலைத்தானே சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை.

சில வருடங்கள் கழித்து, அவர் ஓமானில், சலாலாவில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்வதாகத் தெரிந்தது. பூங்கா இருந்த இடத்தில் நின்றுகொண்டே போன் செய்தேன். எடுத்தவுடன், "அன்னைக்கு நான் ஒங்க பேரச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா" என்றேன்.

"நான்தானே சொல்லச் சொன்னனான். அதை விடு. அங்க இப்ப என்ன கிடக்கு?"

"நடைபாதையும் புல்லுந்தான். வேலி, வாசல் ஒண்ணும் இல்ல."

"ரோலாப் பெடியள் வாறவையோ?"

"நெறைய பேரு. புல்லு மேல படுத்துக் கெடக்காங்க."

"படுக்கட்டும்" என்றார் அக்கா.