வாய்தா விளையாட்டு

வக்கீலாகப் பதிவு செய்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்குள் ஒரு யூடியூப் சானல், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சட்டப் படக்கதை, பாதியில் நிற்கும் குறும்படம் ஒன்று என்று இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். போன வாரம் சானலில் ஒருவர், "மேடம், நீங்க பாத்த நிஜக் கேஸ் ஏதாவது கதையா சொல்லுங்களேன்" என்று கேட்டிருந்தார். உற்சாகமாகத்தான் உட்கார்ந்தேன். ஒரு வரி ஓடவில்லை. அப்பா செய்த விளையாட்டு வந்து குறுக்கே நின்றது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா தஞ்சாவூர் கோர்ட்டில் சிவில் வக்கீல். அம்மா குவைத்தில் நர்ஸ். வருடத்துக்கு ஒரு மாதம் வருவாள். மற்ற பதினோரு மாதமும் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானே பூட்டைத் திறப்பேன். டிவியைப் போட்டுவிட்டு வேறு அறைக்குப் போய்விடுவேன். பார்க்க வேண்டாம், யாராவது பேசிக்கொண்டிருந்தால் போதும். அப்பா வந்தால் பின்னாலேயே கட்சிக்காரர்களும் வருவார்கள். சிட்டா, பட்டா, வில்லங்கம் என்று கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சு ஓடும். எனக்கு அப்பாவின் இருமல் மட்டும் கிடைக்கும்.

அந்த வருடம்தான் அப்பாவுக்கு விளையாட்டு செய்யும் பைத்தியம் பிடித்தது. ஒரு பெரிய அட்டையில் நூறு கட்டம் போட்டார். பரமபதம் மாதிரி ஏற்றமும் இறக்கமும் உண்டு. ஆனால் ஏணியும் பாம்பும் கிடையாது, எல்லாம் கோர்ட் சமாச்சாரம். 'சர்வேயர் லீவு: ஒரு ஆட்டம் காத்திரு.' 'எதிர்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல்: நான்கு கட்டம் பின்னால்.' 'ஜட்ஜுக்கு மாற்றல்: மறுபடி முதலிலிருந்து.' நூறாவது கட்டத்தில் தீர்ப்பு. விளையாட்டுக்குப் பேர் 'வாய்தா'. அப்பாவின் கறுப்புக் கோட்டிலிருந்து உதிர்ந்த பொத்தான் என் காய். அவருக்கு ஒரு அரக்குத் துண்டு.

ஆடிப் பார்த்தால்தானே எங்கே இடிக்கிறது என்று தெரியும்? ஆடிப் பார்க்க வீட்டில் என்னை விட்டால் யார்? தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கட்சிக்காரர்களை அனுப்பிவிட்டு, சாப்பாட்டு மேசையில் அட்டையை விரிப்பார். நான் கோணலாகக் காய் நகர்த்தினால், "ஆட்சேபணை" என்பார். அவ்வளவு நெருக்கத்தில் உட்கார்ந்து அப்பா சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

விளையாட்டைப் பெட்டி போட்டு விற்பதாகத் திட்டம். வக்கீல் தன் பேரில் வியாபாரம் நடத்தக் கூடாது என்று விதி இருந்ததால் அம்மா பேரைப் போடுவது என்று முடிவாயிற்று. "நான் இல்லாத வீட்ல எனக்கு ஒரு கம்பெனியா?" என்று அம்மா போனில் சிரித்தாள். எனக்குள் மட்டும் ஒரு பயம். அச்சாகிவிட்டால் ஆடிப் பார்க்க வேண்டியிருக்காது. அப்பா திரும்பவும் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விடுவார். அதனால், "இந்தக் கட்டம் நல்லா இல்லப்பா, மாத்துங்க" என்று தினமும் ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்துச் சொல்வேன். அவரும் மாற்றுவார். அப்படி மாற்றி எழுதியதுதான் அறுபத்திரண்டாம் கட்டம்.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பா அச்சகத்துக்குப் போயிருந்தார். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தம்பியோடு பூர்வீக வீட்டுக்கும் நிலத்துக்கும் பாகப்பிரிவினை வழக்கு. பல வருடமாக வருகிறவர். வந்தால் எனக்கு ஒரு தார் பூவன்பழம் வரும். அப்பா வர நேரமாகும் என்றேன். "அதுவரைக்கும் நீ என்ன பண்ணுவ பாப்பா?" என்றார். எனக்கு அது போதும். அட்டையைக் கொண்டுவந்து விரித்தேன்.

அவர் கண்ணாடி கொண்டுவரவில்லை. அவருக்கும் சேர்த்து நானே படித்தேன். சர்வேயர் லீவுக்கு அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. "வாஸ்தவம் பாப்பா, அந்தாளு எங்க வரப்பு பக்கம் வந்தாலே அவனுக்கு லீவு வந்துரும்." நான் எண்பதைத் தாண்டியிருந்தேன். அவர் பகடையை உருட்டினார். ஆறு. அறுபத்திரண்டு.

பள்ளியில் மனப்பாடம் ஒப்பிக்கிற குரலில் படித்தேன். 'தம்பி மகள் கல்யாணத்தை எதிர் டீக்கடையில் நின்று பார்த்தாய்: ஒரு ஆட்டம் காத்திரு.'

அவர் சிரிக்கவில்லை. புரியவில்லையோ என்று இன்னொரு தரம் படித்தேன்.

"யாரு எழுதுனது இத?"

"அப்பாதான். எல்லாமே நிஜமா நடந்தது தாத்தா. கட்சிக்காரங்க சொல்றத வச்சுத்தான் அப்பா எழுதுவாங்க."

கொஞ்ச நேரம் பகடையைக் கையில் வைத்திருந்தார். பிறகு அதை மேசையில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு எழுந்தார். "நான் வந்துட்டுப் போனேன்னு மட்டும் சொல்லு பாப்பா."

அப்பா அச்சகத்தில் கொடுத்த மாதிரித் தாளோடு வந்தார். தோற்றுவிடுவோம் என்று பெரியவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றேன். "எந்தக் கட்டத்துல இருந்தார்?" காட்டினேன். அப்பா செருப்பைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் பைக்கில் திருக்காட்டுப்பள்ளிக்குப் போனோம். வீட்டில் தனியாக இருக்க முடியாது என்று அழுது நானும் தொற்றிக்கொண்டேன். வழியெல்லாம் நடவு நடந்துகொண்டிருந்தது. பெரியவரின் வீடு பெரியதுதான்; ஆனால் நடுக்கூடத்தை வெட்டிக்கொண்டு ஒரு செங்கல் சுவர், பூச்சு இல்லாமல், வாசலிலிருந்து கொல்லை வரை போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் மிக்ஸி ஓடியது, யாரோ குழந்தையை அதட்டினார்கள். இந்தப் பக்கம் ஒரு கட்டிலும் ஒரு ஸ்டவ்வும். அவரே டீ போட்டார். அப்பா உட்காரவில்லை.

"பேரு எதுவும் போடலைங்க" என்றார் அப்பா. கோர்ட்டில் அவ்வளவு பேசுகிறவருக்கு அவ்வளவுதான் வந்தது.

"கோர்ட்ல படிக்கிறது ஊருக்கே தெரியும் சார். அதப் போட்டிருந்தா நானும் சேந்து சிரிச்சிருப்பேன். டீக்கடையில நின்னது கேஸ்ல இல்லியே. ஒங்க ஒருத்தருகிட்டதான் சொன்னேன்."

"அட்டை அச்சுக்குப் போகாதுங்க. நிறுத்திட்டேன்."

எனக்கு உள்ளுக்குள் குதூகலம். அச்சு இல்லையென்றால் இன்னும் எத்தனையோ சாயங்காலம் ஆடிப் பார்க்கலாம்.

"அது ஒங்க விருப்பம் சார். கேஸ் கட்டை மட்டும் குடுத்துருங்க. வேற வக்கீல் பாத்துக்கறேன்" என்றார் பெரியவர். கோபமான குரல் இல்லை. அப்பா தலையாட்டினார். பிறகு பெரியவர் என் பக்கம் திரும்பி, என் டம்ளரில் சர்க்கரை போதுமா என்று கேட்டார். போதும் என்றேன்.

"ஏம் பாப்பா, அந்த ஆட்டத்துல கடைசிக் கட்டத்துக்குப் போயிட்டா என்ன ஆவும்?"

"தீர்ப்பு வந்துரும் தாத்தா. அப்புறம் ஆட்டம் கிடையாது. எல்லாரும் வீட்டுக்குப் போயிடலாம்."

"எந்த வீட்டுக்கு?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு இப்படியா ஒருவர் கேட்பார்? அப்பா மட்டும் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது ஆற்றங்கரை ரோட்டில் காற்று பலமாக இருந்தது. அப்பா வண்டியை மெதுவாகவே ஓட்டினார். எனக்கோ தலைக்குள் அருமையான யோசனை ஒன்று துள்ளியது. அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன்: "அப்பா, தாத்தா கேட்டாரே, 'எந்த வீட்டுக்கு'ன்னு, அத அறுபத்திரண்டுல போட்டுடலாம்பா. சூப்பரா இருக்கும்."

காற்றில் அவர் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டு, இன்னும் சத்தமாக, மறுபடியும் சொன்னேன்.