பெனிஷா டீச்சரும் இருபத்து நாலு பாதமும்

பெனிஷா டீச்சர் நாய் வரைந்தால் அது குரைக்கும். கோம்பைப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் அவள் பகுதிநேர ஓவிய ஆசிரியை. பள்ளிச் சுவரில் அவள் தீட்டிய கோம்பை நாயைப் பார்த்து, தெருவில் போகிறவர்கள் கொஞ்சம் ஒதுங்கித்தான் நடப்பார்கள். நாலு காலும் நகத்தோடு அப்படியே இருக்கும். மனுசனுக்கு ஆண்டவன் கொடுத்தது ரெண்டே கால். அதுதான் அவளுக்கு வராது. கையும் அப்படித்தான்.

வராதென்று வெளியே சொல்ல முடியுமா? டீச்சராயிற்றே. அதனால் மேகமலையில் தேயிலை பறிக்கும் பெண்களை விரும்பி வரைவாள். காலைச் செடி மறைத்துக்கொள்ளும். விவசாயி என்றால் முழங்கால் வரை சேறு. பள்ளிக்கூடத் தட்டிகளில் பிள்ளைகள் எல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும், என்னத்தையோ திருடி மாட்டிக்கொண்டதுபோல. இப்படியே பல வருசம் ஓட்டிவிட்டாள், கெட்டிக்காரி.

அப்போதுதான் தேவாலயத்துப் பங்குச்சாமியார் கூப்பிட்டனுப்பினார். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனுக்குப் பீடத்துக்குப் பின்னால் மாட்ட ஒரு பெரிய படம் வேண்டுமாம். இயேசுவும் பன்னிரண்டு சீடர்களும். கடைசி இராவுணவுதானே, நீள மேசை, தரை வரை தொங்கும் துணி, ஒருத்தருக்கும் கால் தெரியாது என்று கணக்குப் போட்டு, அவர் முடிப்பதற்குள் சரி சாமி என்று தலையாட்டிவிட்டாள்.

"விருந்து வேண்டாம்மா. ஆண்டவரு சீடருங்க பாதத்தக் கழுவுற காட்சியா வரைஞ்சிரு" என்றார் சாமியார்.

ஆளுக்கு ரெண்டாக இருபத்து நாலு பாதம் என்று பெனிஷா விரல்விட்டு எண்ணினாள். பக்கத்தில் நின்ற பங்குப் பேரவைச் செயலர் விஜய்ராஜ் அதைக் கண்டுகொண்டார். சின்னமனூரில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருப்பவர். போன கிறிஸ்துமசுக்கு அவர் கட்டிய ஃபிளெக்ஸில் பாலன் இயேசு கையகலம், வாழ்த்தும் விஜய்ராஜ் ஆளுயரம்.

"செரமமா இருந்தா சொல்லிருங்க டீச்சர். நெட்டுல ஒண்ண இறக்கி அடிச்சுக் கொண்டாந்து கட்டிர்றேன். கலரு பளபளன்னு இருக்கும்."

"நானே வரையிறேன் சாமி" என்று அவள் வாய் சொல்லிவிட்டது. வாய்க்கென்ன, அதுவா வரையப்போகிறது? படம் கெட்டால் அங்கே ஃபிளெக்ஸ் ஏறும். ஓவிய டீச்சருக்கு ஒரு கால் வரையத் தெரியாது என்று பங்குச் சனம் முழுக்கச் சிரிக்கும். அந்த நினைப்பில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மொபைலில் பாடம் பார்த்தாள். உடம்பு ஏழரைத் தலை உயரம். கை, முகவாயிலிருந்து நெற்றி வரை. பாதம், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை. கணவன் சகாய பிரவீன் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு ஏறி இறங்கும் ஜீப் டிரைவர். மத்தியானம் அவன் தூங்கும்போது ஸ்கேலோடு போய் அளந்தாள். விழித்துக்கொண்டவன், "என்னா, சவப்பொட்டிக்கு அளவெடுக்கிறியா?" என்றான்.

அளவெல்லாம் சரியாகத்தான் இருந்தது. பென்சிலைத் தொட்டால் கருணைக்கிழங்கு வந்தது. அழித்துப் போட்டால் சேப்பங்கிழங்கு. பிரவீன் தாளை எட்டிப் பார்த்து, இன்னைக்கு இதுதான் கொழம்பா என்று கேட்டான். பாவி.

சரி, அசல் கால்களையே பார்த்து வரைவோம் என்று, பெரிய வியாழன் பூசையில் சாமியார் பாதம் கழுவ அந்த வருசம் தேர்ந்தெடுத்த பன்னிரண்டு ஆட்களை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வரச் சொன்னாள். அந்த ஊரில் ஒரு வழக்கம்: சாமியார் கையில் அழுக்குப் படக்கூடாதென்று, கழுவிவிட வரும் காலை வீட்டிலேயே நன்றாகக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். படத்துக்கென்றால் சும்மா இருப்பார்களா? வாழை போட்டிருக்கும் பங்கிராஸ் பெரியவர் விடிந்ததிலிருந்து தேய்த்து, எண்ணெய் தடவி, பவுடரும் போட்டு வந்திருந்தார். வெடிப்புமில்லை, கோடுமில்லை. வெள்ளையடித்த சுவரைப் பார்த்து என்னத்தை வரைவது?

"மூஞ்சி வராதாத்தா?" என்றார் பங்கிராஸ்.

"காலு மட்டுந்தான் மாமா."

அவர் கால் விரலை ஆட்டிக்கொண்டே கேட்டார். "இதுல யூதாசு காலு எது?"

காட்டிக்கொடுத்தவனைப் பெனிஷா யோசிக்கவே இல்லை. "உங்கள்ல யாராச்சும் ஒருத்தரு காலுதான் மாமா. ஆண்டவரு அவன் காலையுந்தான கழுவுனாரு?"

அத்தனை காலும் செருப்புக்குள் போய்விட்டன.

"மகனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கேன்" என்று எழுந்தார் பங்கிராஸ். "யூதாசு காலுக்காரன் வீடான்னு கேட்டாகன்னா நான் என்னா பதில் சொல்ல?" மற்றவர்களும் ஆளுக்கொரு வேலை சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள்.

கட்டினவனாவது உதவுவானா என்றால் அவனும் காலை மடக்கிக்கொண்டான். "பிரேக்கு புடிக்கிற காலு பெனிஷா. யூதாசு காலுன்னு தெரிஞ்சா மெட்டுக்கு எவ ஜீப்புல ஏறுவா?"

கொல்லையில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதாள். வாய்விட்டே அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டுக் குனிந்தபோது எதிரே ரெண்டு கால் நீட்டிக்கொண்டு கிடந்தன. பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் திராட்சைப் பந்தலுக்கடியில் மண்ணை மிதித்த அவளுடைய கால். குதிகாலில் வெடிப்பு, புறங்காலில் நரம்பு, கல்லில் இடித்துக் கறுத்த ஒரு நகம். எழுந்து போய் அட்டையும் பென்சிலும் எடுத்து வந்தாள்.

நேராக வைத்து வரைந்தாள், பக்கவாட்டில் வைத்து வரைந்தாள், வாளித் தண்ணீருக்குள் விட்டு வரைந்தாள். இடது கையில் சொம்பைப் பிடித்து அந்தக் கையையும் வரைந்தாள். இத்தனை காலம் கால் இப்படித்தான் இருக்கும் என்ற நினைப்பில் கிழங்கு போட்டவளுக்கு, உற்றுப் பார்க்கப் பார்க்க எலும்பு எங்கே திரும்புகிறதென்று தெரிந்தது. சந்தோசத்தில் உலையை மறந்துவிட, சோறு குழைந்துபோனது.

பெரிய வியாழனன்று படம் ஏறியது. எதற்கும் இருக்கட்டும் என்று விஜய்ராஜ் சுருட்டிக் கொண்டுவந்த ஃபிளெக்ஸ் ஆட்டோவிலேயே கிடந்தது. பூசை முடிந்ததும் சனம் படத்தைச் சுற்றிக்கொண்டது.

"அந்தா தலச்சீடரு இராயப்பரு காலு, அது நம்ம காலுதான்" என்று பங்கிராஸ் ஆரம்பித்தார். அவ்வளவுதான், செருப்பை மாட்டிக்கொண்டு ஓடின ஆட்களெல்லாம் திரும்பி வந்து ஆளுக்கொரு சீடரைப் பிடித்துக்கொண்டார்கள். ஓரத்தில் இருந்த யூதாசை மட்டும் யாரும் சீண்டவில்லை.

விஜய்ராஜே கிட்டே போய் உற்றுப் பார்த்தார். "இது கம்ப்யூட்டர்லகூட வராது டீச்சர். என்னா உறுதி பாருங்க. ஆம்பளக் காலுன்னா இதுல்ல ஆம்பளக் காலு. யாரு காலு டீச்சர்?"

சும்மா இருந்திருக்கலாம். பெனிஷாவால் முடியவில்லை.

"எங் காலு சார்."

"எது?"

"எல்லாமே."

கூட்டம் முழுக்கக் குனிந்து அவள் காலைப் பார்த்தது. பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பி, அடக்க முடியாமல் பரவியது. விஜய்ராஜ் ஆட்டோவைப் பார்த்து நடந்தார்.

பங்கிராஸ் மட்டும் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "அப்ப அந்த யூதாசு காலு?"

"அதுவும் எங் காலுதான் மாமா. அவனுக்கும் யாராச்சும் குடுக்கணும்ல."

பெரியவர் படத்தையும் அவள் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ சொல்றதுதான் சரி ஆத்தா" என்றார். "ஆனா இராயப்பரு காலு எங்காலுன்னே இருக்கட்டும். பொண்ணு வீட்டுக்காரகட்ட இப்பத்தான் போன்ல சொல்லிப்புட்டேன்."