மாரமங்கலத்திலிருந்து ஏற்காடு வரை: என் மகள் இறங்காமல் வந்த பஸ்

பிள்ளைகளை மனநல ஆலோசனைக்கு எங்கே, எப்படி அழைத்துப் போவது என்று மலைக்கிராமங்களில் யாராவது தேடிக்கொண்டிருந்தால் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கை இரண்டாம் முறையில் தேறியவன் நான். கிலோமீட்டரில் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் நித்யா சேலத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. போன மழைக்காலத்தில் ஒருநாள் பஸ்ஸில் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, பாதி வழியில் இறங்கிவிட்டாள். ஈசிஜி எடுத்துப் பார்த்தோம், இதயத்தில் ஒன்றுமில்லை. ஆனால் அன்றிலிருந்து பஸ்ஸைப் பார்த்தாலே கை சில்லிட்டுவிடும். கல்லூரி நின்றது. அறிவாளியான நான் கயிறு மந்திரித்துக் கட்டினேன். ஊருக்கு வரும் நர்ஸம்மாதான், ஏற்காடு அரசு மருத்துவமனைக்கு வாரம் ஒருநாள் மனநலக் குழு வருவதைச் சொன்னார்.

முதல் நான்கு வாரம் என் மொபட்டில் போனோம். பதினெட்டு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். ஐந்தாம் வாரம் பஸ்ஸில் வரச் சொன்னார் ஆலோசகர் மேடம். நித்யாவுக்கு ஒரு வேலை கொடுத்தார்: பயம் வந்தாலும் இறங்கக் கூடாது, வந்தது தானாகப் போகும். எனக்கும் ஒரு வேலை: வாயைத் திறக்கக் கூடாது. எனக்குக் கொடுத்ததுதான் கஷ்டமானது என்று என் மனைவி சிரித்தாள்.

காலை 6.40 பஸ். என் டிக்கெட் 22 ரூபாய், பெண்களுக்கு இலவசம். முதல் ஐந்து கிலோமீட்டர் சுகமாகப் போனது. எஸ்டேட் ஆட்கள் ஏறிக் கூட்டம் நெருக்கியதும் நித்யாவின் உதடு வெளுத்தது. முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற அக்கா, “ஏனுங்க, புள்ளைக்கு வாந்திங்களா? இந்தா கண்ணு, எலுமிச்சம்பழம், மோந்து பாரு” என்றார்.

அவ்வளவுதான். நான் எழுந்து, “பஸ்ஸ நிறுத்துங்க!” என்று கத்திவிட்டேன்.

விசில். பஸ் நின்றது. “யாருங்க எறங்கறது?” என்றார் கண்டக்டர்.

நித்யா தலை நிமிரவில்லை. “யாருமில்லீங்க. எங்கப்பாவுக்கு வேணும்னா எறங்கட்டும்.”

“ஏனுங்ணா, எறங்கறீங்களா, இல்ல எடுத்த டிக்கெட்டுக்கு ஒக்காந்து வர்றீங்களா?”

உட்கார்ந்தேன். பஸ்ஸே சிரித்தது. இத்தனை பேர் கூடிக் கேலி செய்தும், மகளை நினைத்து நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது அன்றைக்குத்தான்.

இரண்டு வளைவு தாண்டி, நித்யா கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தாள். “வாந்தியில்லீங்கக்கா. பஸ்ல நொம்பப் பயம் வருது. கவர்மென்ட் ஆஸ்பத்திரில அதுக்குப் பாக்கறாங்க. அங்கதான் போறேன்.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஊரில் எல்லோரிடமும் கண் பரிசோதனை என்று சொல்லி வைத்திருந்தேன்.

அந்த அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “தூக்கமே வரலைன்னாலும் பாப்பாங்களா கண்ணு?” என்றார்.

“பாப்பாங்கக்கா. காசு கேக்க மாட்டாங்க.”

7.45க்கு ஏற்காடு. பத்தரைக்குக் கூப்பிட்டார்கள், நாற்பது நிமிடம் உள்ளே இருந்தாள். வெளியே வந்து, “நீங்க கத்துனத மேடம்கிட்ட சொல்லிட்டேங்கப்பா. அடுத்த வாரம் தனியாவே வர்றேன்னும் சொல்லிட்டேன்” என்றாள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். குழு வரும் கிழமை மாறலாம், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்குள் சீட்டு வாங்கிவிடுங்கள். பழைய மருந்துச் சீட்டு இருந்தால் கொண்டுபோங்கள். ஒரே தடவையில் சரியாகிவிடும் என்று போகாதீர்கள். எதற்குப் போகிறோம் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள், கேட்கிறவருக்கும் தேவைப்படலாம்.

போன வாரம் நித்யா தனியாகப் போய் வந்தாள். 6.40க்கு ஏறினாள், மூன்றரைக்கு வீடு வந்து சேர்ந்தாள். எந்த சீட், எவ்வளவு கூட்டம், எந்த வளைவில் பயம் வந்தது என்று இங்கே எழுத என்னிடம் ஒரு விவரமும் இல்லை. நான் அந்த பஸ்ஸில் இல்லை.