பாண்டிச்சேரியா, பெங்களூரா?

பெங்களூரில் அல்சூர் ஏரியை ஒட்டிய ஒரு சந்தில், மாடி வீட்டில் குடியிருந்தாள் சந்திரம்மா. நர்சிங் ஹோமில் ஆயா வேலை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு மிஞ்சியதெல்லாம் மகள் விஜியும், ஜன்னல் வழியே வரும் ஏரிக்காற்றும்தான். அந்தக் காற்றைப் பற்றி அவள் அடித்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. ஊட்டிக்கே போக வேண்டாமாம்!

1998இல் விஜி பி.எஸ்ஸி. முடித்தாள். சுற்றுச்சூழல் பாடத்தில் எம்.எஸ்ஸி. படிக்க இரண்டு இடங்களில் சீட் கிடைத்தது. ஒன்று பெங்களூரிலேயே, பஸ்ஸில் போய் வரலாம். மற்றொன்று பாண்டிச்சேரியில், ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். இங்கே பெரும்பாலும் லேபுக்குள்ளேயே பாடம். அங்கே ஏரி, கடற்கரை என்று கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லிக் கொடுப்பார்கள். சின்ன வயதில் ஏரியில் மீன் செத்து மிதந்ததைப் பார்த்ததிலிருந்து ஏன், ஏன் என்று குடைந்தெடுத்த பெண் அவள். மனசு எதற்கு ஏங்கியது என்று சொல்லவா வேண்டும்?

ஆனால் விஜி சொன்னது வேறு.

"இங்கயே சேர்ந்துடுறேன்மா. தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருது. அதுவும் கீழ் குழாய்ல. இந்த முட்டி வலியோட நீ எப்படி மாடிக்குத் தூக்குவ?"

சந்திரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை மறைப்பானேன்? மகள் கூடவே இருப்பாளே! தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்து, சாயங்காலம் பாயசமும் வைத்தாள். விஜி குடித்தாள், நன்றாக இருக்கிறது என்றாள், ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். வாய் ஓயாத பெண், பாண்டிச்சேரியிலிருந்து வந்த கடிதத்தையே மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். சந்திரம்மா தன் பாயசத்தைக் குடிக்காமலேயே மூடி வைத்தாள்.

மறுநாள் கீழ் வீட்டு பியாட்ரிஸைப் போய்ப் பார்த்தாள். தண்ணீர் தூக்க அங்கே வளர்ந்த பையன்கள் இரண்டு பேர் இருந்தார்கள். குழாய் அந்த வீட்டு வாசலிலேயே இருந்தது. ஆனால் காற்று துளியும் வராது. பகலிலேயே லைட் போட வேண்டும்.

"அக்கா, மாடி வீட்டை நீங்க எடுத்துக்குங்க. நான் கீழ வந்துடுறேன். ஓனர்கிட்ட பேசிட்டேன்."

"மாதாவே! அந்தக் காத்தை விட்டுட்டு நீ எப்படிம்மா இருப்ப?"

"காத்து என்னக்கா, ஃபேன் போட்டா வருது."

ஞாயிற்றுக்கிழமை டியூஷன் எடுத்துவிட்டுத் திரும்பிய விஜி, கீழ் வீட்டில் தங்கள் பீரோ நிற்பதைப் பார்த்துத் திகைத்துப் போனாள்.

"என்னம்மா இது கூத்து?"

"குழாய் வாசல்லயே இருக்கு. பக்கெட்டை வெச்சா ரொம்பிக்கும். நீ பாண்டிச்சேரி போ."

விஜிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "தண்ணிக்காகன்னா நெனச்ச? உன்னைத் தனியா விட்டுட்டுப் போக என்னாலதான்மா முடியல."

சந்திரம்மா தண்ணீருக்குத்தான் வழி கண்டுபிடித்திருந்தாள். இதற்கு அவளிடம் வழியில்லை. மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"என்னாலயும் முடியாதுடி. ஆனா எனக்காக நீ மூஞ்சைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கிறதைப் பாக்க, அது சுத்தமா முடியாது."

அடுத்த வாரம் இருவரும் சேர்ந்தே பாண்டிச்சேரி பஸ் ஏறினார்கள். திரும்பும்போது சந்திரம்மா மட்டும் வந்தாள். வழியெல்லாம் அழுதுகொண்டிருந்தவளிடம் கண்டக்டர், ஏதாவது கெட்ட சேதியா என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லீங்க," என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பொண்ணை எம்.எஸ்ஸி. சேத்துட்டு வரேன்."