அப்பாவின் மோர்சிங்கும் அம்மாவின் காதும்

நனைந்த வாழைமட்டையும் வெற்றிலையும் சேர்ந்து அடிக்கும் ஒரு வாசனை உண்டு. கொஞ்சம் காரம், கொஞ்சம் ஈரம், அடியில் லேசாக மண். இன்றைக்கும் ஏதாவது கடைவாசலில் அந்த வாசனை மூக்கில் ஏறிவிட்டால், பின்னாலேயே "டொய்ங்" என்று ஒரு சத்தமும் எனக்குக் கேட்டுவிடும். என் அப்பா மதுரையில் வெற்றிலை மண்டி வைத்திருந்தார். விடியற்காலையில் சோழவந்தான் பக்கத்திலிருந்து வண்டியில் வந்து இறங்கும் கட்டுகளைப் பிரித்து, அழுகல் நீக்கி, சில்லறைக் கடைக்காரர்களுக்குக் கொடுத்து முடித்துவிட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடுவார். சாப்பிட்ட கையோடு மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து மோர்சிங் வாசிக்க ஆரம்பித்துவிடுவார். அதனால் அந்த வாசனையையும் சத்தத்தையும் நான் ஒருநாளும் தனித்தனியாக அறிந்ததில்லை.

மோர்சிங்கைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு இரும்புச் சாமான் அது. ஒரு வளையம், வளையத்திலிருந்து நீளும் இரண்டு காம்புகள், அவற்றுக்கு நடுவே மெல்லிய ஒரு நாக்கு. காம்புகளை முன்பல்லில் பொருத்திப் பிடித்துக்கொண்டு ஆள்காட்டி விரலால் நாக்கை மீட்ட வேண்டும். வாய் முழுக்க அந்த அதிர்வு நிறையும். நம் நாக்கையும் மூச்சையும் அசைத்து அதிலிருந்து ஜதி ஜதியாக வரவழைக்கலாம். அப்பாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சித்திரைத் திருவிழாக் கடையில் எப்போதோ வாங்கி, தானாகவே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டாராம். அம்மா அதற்கு "வாயிரும்பு" என்று பெயர் வைத்திருந்தாள்.

அந்த வாயிரும்புக்காக அப்பா வெற்றிலை போடுவதில்லை. சுண்ணாம்பும் சாறும் பட்டால் அதன் நாக்கு கெட்டுவிடும் என்று பயம். மதுரையிலேயே வெள்ளைப் பல்லோடு வெற்றிலை விற்றவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். "என்னண்ணே, உங்க சரக்கு உங்களுக்கே பிடிக்கலையா?" என்று கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். "வாய்க்கு வேற வேலை இருக்குப்பா" என்பார் அப்பா.

ஆனால் அந்த வேலையை அவர் யாருக்கும் காட்டமாட்டார். வாசித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஆள் அரவம் கேட்டால் சாமான் சட்டென்று இடுப்பு மடிக்குள் போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு புருவத்தை மட்டும் தூக்கி, தனக்குத்தானே "ம்" கொட்டிக்கொண்டு அவர் வாசிக்கிற அழகைப் பார்த்தால், உள்ளே என்னவோ பெரிய சமாச்சாரம் நடப்பது போலத்தான் இருக்கும். எங்களுக்குக் கேட்பதோ ஒரே மாதிரியான "டொய்ங், டொய்ங்". எங்களோடு இருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, "தவளைக்குக் கல்யாணம் ஆரம்பிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாள். அப்பா கோபித்துக்கொண்டதில்லை. "வெளியில கேக்குறது கால்வாசிதான்க்கா. மிச்சம் பூராம் மண்டைக்குள்ளதான் ஓடுது" என்பார்.

எங்கள் வீட்டில் உண்மையில் சங்கீதம் தெரிந்தவள் அம்மாதான். அவளுக்குப் பாட வராது, கேட்க வரும். பெரிய கோயில் ஆடிவீதியில் நாதசுரம் கேட்டால் கூட்டத்தோடு நகராமல் கல்தூணில் சாய்ந்து நின்றுவிடுவாள். நாங்கள் முந்தானையைப் பிடித்து இழுத்தாலும் அசையமாட்டாள். திரும்பி வரும் வழியில், "இன்னிக்கி வாசிச்சவரு அவசரக்காரரு" என்றோ, "ரெண்டாவது ஆளுக்கு இன்னிக்கி மனசு சரியில்ல" என்றோ சொல்வாள். மத்தியான வேளையில் அப்பா வாசிக்க, அடுப்படியிலிருந்து "இப்ப விட்டீகளே, அதை இன்னொருதரம் வாசிங்க" என்று குரல் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான். அப்பா யாருக்கும் வாசித்துக் காட்டமாட்டார் என்றேன். அம்மாவை அவர் வேறு ஆளாக நினைக்கவே இல்லை.

தம்பி பிறந்த பிறகு அம்மாவுக்குக் காது மந்தமாக ஆரம்பித்தது. முதலில் தொட்டில் அழுகை கேட்கவில்லை, பிறகு வாசல்கதவு, பிறகு நாங்கள். பூண்டுத் தைலம் விட்டார்கள். நாட்டு வைத்தியர் புகை போட்டார். இங்கிலீஷ் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பிரசவத்தில் சிலருக்கு இப்படி ஆகும் என்று கையை விரித்துவிட்டார். காது கேளாதவர்கள் கத்திப் பேசுவார்கள் என்பார்கள். அம்மாவின் குரல் நாளுக்கு நாள் தணிந்துகொண்டே போனது. ஆடிவீதிக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். "அவுக ஊதுறதைப் பாத்துக்கிட்டு நிக்கிறது வெறும் கன்னம் உப்புற வேடிக்கையா இருக்கு" என்று ஒருநாள் சொன்னாள். அப்பா அன்று வாசிக்கவில்லை. அடுப்படியிலிருந்து குரல் வராத வீட்டில் அவருக்கு விரல் ஓடவில்லை. ஒரே ஒரு தடவை அவள் கேட்டுவிட்டால் போதும் என்பதுதான் அப்போது அவருடைய ஒரே கவலை. அத்தையிடம் அதைச் சொல்லிப் புலம்பியதை நான் கேட்டிருக்கிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்த அந்தக் காலத்தில்தான் எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் சதுர்த்திக்கு முதன்முதலாகக் குழாய் வைத்த "மைக்செட்" வந்தது. கச்சேரிக்கு ஏற்பாடு செய்திருந்த மிருதங்கக்காரர் பக்கத்துத் தெரு. அப்பாவின் வாசிப்பைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பலநாள் கேட்டவர். வருஷா வருஷம் கூப்பிட்டு, வருஷா வருஷம் "நமக்கு எதுக்குங்க அதெல்லாம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு போனவர். அந்த வருஷமும் கடமைக்குக் கேட்டுவைத்தார்.

"அந்தக் குழாயில எம்புட்டுச் சத்தம் வரும்?" என்று கேட்டார் அப்பா.

"மாசி வீதி முனை வரைக்கும் கேக்கும்ணே!"

"அப்ப வாரேன்."

மிருதங்கக்காரர் திகைத்துப்போனார். அப்பா ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். வேப்பமரத்தில் கட்டப்போகிற குழாயைப் பெண்கள் உட்காரும் பக்கமாகத் திருப்பிக் கட்ட வேண்டும்.

சாயங்காலம் அம்மாவை அந்தக் குழாய்க்கு நேர் கீழே உட்காரவைத்தோம். அப்பா வெள்ளைச் சட்டையும் வியர்வையுமாக மேடையில் ஓரத்தில் இருந்தார். பாட்டு முடிந்து, மிருதங்கம் தனியாக முழங்கி, அவர் முறை வந்தது. எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொள்ள, அப்பா மைக்குக்கு முன்னால் குனிந்து மீட்டினார். குழாய் அலறிய அலறலில் தம்பி வீறிட்டு அழுதான். பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு மைக்செட்காரர் எதையோ திருகிச் சரிசெய்ய, ஜதி சுத்தமாக விழ ஆரம்பித்தது. மிருதங்கம் கேட்டதற்கெல்லாம் இந்தச் சின்ன இரும்பு பதில் சொல்லிக்கொண்டே வந்தது. கூட்டம் "ஆகா" என்றது. எங்கள் அப்பாவா இது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்பா கூட்டத்தைப் பார்க்கவே இல்லை, அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவும் முகம் நிறையச் சிரித்துக்கொண்டு, அவர் சந்தோஷப்படட்டும் என்று, தொடையில் கையால் தாளம் போட்டாள். அந்தத் தாளம் தப்பாக விழுந்தது. ஒரு பிடிப்பும் இல்லாமல் எங்கெங்கோ விழுந்தது. ஆடிவீதியில் அடுத்தவர் தாளம் நூலிழை நகர்ந்தாலும் கண்டுபிடிப்பவள் அவள். அப்பாவின் முகம் அப்போதே விழுந்துவிட்டது. விரல் மட்டும் நிற்காமல் முடித்துக்கொடுத்தது. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவருக்குச் சுக்குத்தண்ணீர் கொடுத்துவிட்டு, "ஒரே இரைச்சலாத்தான் இருந்துச்சு. ஆனா நீங்க வாசிச்சதப் பாத்தேன். அழகா இருந்தீக" என்றாள். அதைக் கேட்டு அப்பா அழுதார்.

பரவையிலிருந்தும் கொட்டாம்பட்டியிலிருந்தும் திருவிழாவுக்கு வந்து வாசிக்கும்படி கேட்டு ஆள் மேல் ஆளாக வந்தார்கள். அப்பா யாருக்கும் பிடிகொடுக்கவில்லை. வீட்டிலும் வாசிக்கவில்லை. மோர்சிங் சுவர்மாடத்தில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. துருப்பிடித்துவிடுமே என்று அம்மாதான் அவ்வப்போது எடுத்துத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துவைப்பாள்.

மிச்சமெல்லாம் மண்டைக்குள் ஓடுகிறது என்று அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருந்தும், எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை என்பது இப்போது நினைத்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அவர் வாயில் வைத்த சாமான். இன்னொருவர் எச்சில் பட்டதை எடுத்து வாயில் வைப்பது என்கிற நினைப்பே எங்கள் வீட்டில் யாருக்கும் வராது. அப்பா சாப்பிட்ட இலையில் அம்மா சாப்பிடுவாள். அது வேறு கணக்கு.

ஒரு மத்தியானம் துடைத்துக்கொண்டிருந்த அம்மா, எங்களைச் சிரிக்கவைக்க நினைத்து, அதைப் பல்லில் வைத்துக்கொண்டு அப்பாவைப் போலவே ஒரு புருவத்தைத் தூக்கிக் காட்டினாள். விளையாட்டாக விரலால் ஒரு தட்டு தட்டினாள். இரும்பு நாக்கு உதட்டில் பட்டு ரத்தம் துளிர்த்தது. "ஐயோ" என்று நான் ஓடினேன். அவள் என்னைக் கையால் தடுத்துவிட்டு, அப்படியே அசையாமல் இருந்தாள். மறுபடி தட்டினாள். கண் பெரிதானது. இன்னொரு தட்டு, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு. படியில் படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"ஏங்க," என்றாள் அம்மா, வெகுநாளாகக் கேட்காத கெட்டிக் குரலில். "பல்லு வழியா மண்டை பூராம் கேக்குதே, இதுக்குள்ள இம்புட்டு இருக்கா? இம்புட்டையும் நீங்க ஒத்த ஆளாக் கேட்டுக்கிட்டா இருந்தீக?"

அப்பா எழுந்து வந்தார். கையை நீட்டினார். அம்மா உதட்டு ரத்தத்தை முந்தானையில் ஒற்றிக்கொண்டு சாமானைக் கொடுத்தாள். அவர் அப்படியே வாங்கி வாயில் வைத்து ஒரு ஜதியை மெதுவாக வாசித்து, திருப்பி அவளிடம் கொடுத்தார். அவள் அதைத் தேடித் தேடி வாசித்தாள்; தப்பினாள்; தப்பிய இடத்தைத் தானே கேட்டுச் சிரித்தாள். கொல்லையிலிருந்து வந்து நின்ற அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டா, பொண்டாட்டி எச்சிலையா வாங்கி வாயில வைக்கிற? கழுவியாவது வைக்கக்கூடாதா?"

"கழுவுனா துருப்பிடிக்கும்க்கா" என்றார் அப்பா.

அதன்பிறகு மோர்சிங் அம்மாவுடையதாகிவிட்டது. அப்பா கேட்டு வாங்கித்தான் வாசிக்க வேண்டும். அதுவும் கொஞ்ச நேரம்தான். அடுத்த சதுர்த்திக்கு மிருதங்கக்காரர் வந்தபோது, "சாமான் எங்கிட்ட இல்லீங்க, வீட்டுல குடுக்கமாட்டாக" என்று சிரித்தபடி அனுப்பிவிட்டார். அம்மா தெருவிலோ விசேஷ வீட்டிலோ அதை எடுத்ததே இல்லை. உலை கொதிக்கும் நேரத்தில், தம்பி தூங்கும் நேரத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசிப்பாள். நான் "அம்மா" என்று பக்கத்திலிருந்து கூப்பிட்டாலும் அவளுக்குக் கேட்காது. இரும்பு கூப்பிட்டால் கேட்கிறது, நான் கூப்பிட்டால் கேட்கவில்லையே என்று அழுதிருக்கிறேன். அந்தப் பொறாமை எனக்குக் கல்யாணமாகிப் போகிற வரைக்கும் இருந்தது.

வெற்றிலை மண்டி இருந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் குடம் விற்கிறார்கள். அப்பா, அத்தை, அம்மா என்று ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். மோர்சிங் தம்பி வீட்டில் இருக்கிறது. போன தடவை போயிருந்தபோது எடுத்து வாயில் வைத்துப் பார்த்தேன். கட்டிய பல் கடகடவென்று ஆடியதே தவிர, உள்ளே ஒன்றும் நிற்கவில்லை. "கொள்ளுப்பாட்டி இதுல என்ன வாசிப்பாங்க?" என்று தம்பியின் பேத்தி கேட்டாள். தாளம் சொல்லலாம், ஜதி சொல்லலாம், நானாக ஏதாவது கட்டியும் விடலாம். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். எத்தனையோ மத்தியானங்கள் அம்மா பக்கத்திலேயேதான் நல்ல காதோடு உட்கார்ந்திருந்தேன். அவள் கேட்டதில் ஒன்றுகூட என் காதில் விழவில்லை.