கௌஸர் உடைத்த படிக்கல்

நான் உள்ளே போனபோது கௌஸர் குளியலறை வாசலில் தரையில் உட்கார்ந்து, குறுக்கே பதித்திருந்த பளிங்குப் படிக்கல்லை உளி வைத்து உடைத்துக்கொண்டிருந்தாள். அடியில் ஒரு தலையணை. இடது கால் நீட்டியிருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. முந்தின நாள் நான் போட்ட கட்டின் மேல் வெள்ளைத் தூள் படிந்திருந்தது.

"கட்டு அழுக்காகுது," என்றேன்.

"அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க, ஹஜ்ஜா. மாத்தி விடுங்க," என்றாள். சுத்தியல் நிற்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்பு சர்க்கரை நோயில் அந்தக் காலை எடுத்தார்கள். நான் முப்பத்தோரு வருடம் மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது போர்ட் சயீதில் எங்கள் தெருவில் தேவைப்படுகிறவர்களுக்குக் கட்டு மாற்றிவிடுகிறேன்; வயதில் மூத்தவள் என்று எல்லோரும் என்னை ஹஜ்ஜா என்பார்கள். கால் போனவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அழுகிறவர்கள் உண்டு, யாரோடும் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. கௌஸர் மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "முட்டிக்குக் கீழ எத்தனை விரற்கடை மிச்சம் வெச்சிருக்காங்க?" என்பது. அளவு தெரியாமல் அவளுக்கு எந்த வேலையும் ஓடாது.

இருபத்தாறு வருடம் துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கித்தான் தைக்கும் பட்டறையில் இருந்தாள். நாற்பது ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். கைதேர்ந்த மேஸ்திரியைத்தான் எங்கள் ஊரில் உஸ்தா என்பார்கள். அவளைக் கேலிக்கு அப்படிக் கூப்பிட்டார்கள். அவள் மறுக்காமல் திரும்பிப் பார்த்துப் பதில் சொன்னாள். இரண்டு வருடத்தில் கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. வீட்டிலும் அவள்தான் உஸ்தா. கணவர் லுத்ஃபி நல்ல மனிதர், ஆனால் ஆணி அடித்தால் ஆணியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடிப்பார். அலமாரி, கட்டில், சமையலறைத் தட்டுகள் எல்லாமே துறைமுகத்துப் பெட்டிப் பலகையில் அவள் செய்தவை. லுத்ஃபி இறந்தபோது அவரைக் கிடத்தியிருந்த கட்டிலும் அவள் செய்ததுதான்.

காலை எடுத்த பிறகு கெய்ரோவிலிருந்து மகன் இஹாப் வந்தான். பாசமுள்ள பையன், பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொன்னான். அவள் மாட்டேன் என்றாள். இரண்டு நாள் சத்தம் போட்ட பிறகு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்.

"ஒரு மாசம், உம்மா. யாரும் தூக்கிவிடாம நீங்களே பாத்ரூம் போய்ட்டு வரணும். முடிஞ்சா இங்கயே இருங்க. முடியலேன்னா வேன் கொண்டுவருவேன், மறுபேச்சு பேசக்கூடாது."

"சரி. என் வீட்டுக் கக்கூஸுக்குப் போறதுக்குப் பரீட்சை எழுதணும்னு எனக்கு எழுதியிருக்கு," என்றாள்.

அவன் கிளம்பியதும் வேலையை ஆரம்பித்தாள். மருத்துவமனை கொடுத்த சக்கர நாற்காலி குளியலறை வாசலில் நுழையவில்லை. கதவைக் கழற்றித் திரை தொங்கவிட்டாள். அப்போதும் நுழையவில்லை. சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றின் கால்களைக் குட்டையாக அறுத்து, என்னிடம் கிடந்த பழைய மருந்துத் தள்ளுவண்டியிலிருந்து கழற்றிய நாலு சின்னச் சக்கரங்களை மாட்டினாள். படுக்கையிலிருந்து குளியலறை வரை சுவரோடு தண்ணீர்க் குழாயைக் கைப்பிடியாகப் பதித்தாள். குழாயைப் பிடித்து இழுத்து, ஒற்றைக் காலால் உந்தி ஓடுவாள். மிச்சம் இருந்த இடைஞ்சல் நாலு விரல் உயரமுள்ள அந்தப் படிக்கல்தான். அதைத்தான் இப்போது உடைத்துக்கொண்டிருந்தாள்.

உடைத்து முடித்து, சிமெண்ட் பூசிச் சமமாக்கினாள். பதினெட்டு நாள் யாருடைய கையும் படாமல் போய்வந்தாள். நான் கட்டைப் பார்த்தேன், காயத்தைப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்காக இருந்தது. அந்தக் கல் எதற்காக அங்கே இருந்தது என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை வந்தது. எங்கள் ஊரில் வியாழக்கிழமை தரையைத் துடைப்பதில்லை, கழுவுவோம். வாளி வாளியாக ஊற்றி, ரப்பர் தள்ளியால் தண்ணீரைச் சாக்கடைக் குழிக்குத் தள்ளுவோம். காலை எடுத்ததிலிருந்து நான்தான் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "தொடைக்கிறது சுத்தம் பண்றது இல்ல, ஹஜ்ஜா. அழுக்கை எடம் மாத்தறது," என்பாள். அன்று நான் வருவதற்குள் அவளே நாற்காலியில் உட்கார்ந்தபடி குளியலறையில் மூன்று வாளியை வீசி ஊற்றிவிட்டாள். நாற்பது வருடக் கைப்பழக்கம். எங்கள் கொத்தனார்கள் குளியலறைத் தரைக்குச் சரிவு வைப்பதில்லை. படிக்கல் தடுக்கும் என்று விட்டுவிடுவார்கள். தடுக்கக் கல் இல்லை. தண்ணீர் நடையில் ஓடி, பழைய தரையோட்டு இடுக்குகளில் இறங்கி, கீழ் வீட்டு உஸ்தாத் நாஷிதின் வரவேற்பறைக் கூரையைத் தேடிப் போய்விட்டது. காரை பெயர்ந்து அவருடைய தங்கமுலாம் சோபாவில் விழுந்தது.

நாஷித் ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார்; வாத்தியாரை எங்கள் ஊரில் உஸ்தாத் என்போம். மேலே ஏறி வந்து, மூச்சு வாங்கியபடி நின்றார்.

"அம்மா கௌஸர், நான் நாப்பது வருஷம் பிள்ளைகளுக்கு நைல் நதி எங்க உற்பத்தியாகுதுன்னு சொல்லிக்கொடுத்தேன். உங்க வீட்டுலன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"மன்னிச்சிடுங்க உஸ்தாத். சரி பண்ணிடுறேன்."

"உங்க பையனுக்கு போன் பண்ணிட்டேன்," என்றார்.

அரை மணி நேரத்தில் இஹாப் கூப்பிட்டான். சனிக்கிழமை காலை வேன் வரும், துணிமணியைக் கட்டிவையுங்கள் என்றான்.

"பாத்ரூம் போய் வரணும்னுதானே சொன்னே? போய் வந்துட்டேன்," என்றாள் இவள்.

"வீட்டையே மிதக்க விட்டுட்டீங்க, உம்மா!"

"மிதந்தது கீழ் வீடு. என் வீடு காஞ்சு கெடக்கு," என்று சொல்லி போனை வைத்தாள். நான் கட்டு மாற்றினேன்.

"கல்லை மறுபடி வெச்சா நாற்காலி போகாது. வைக்கலேன்னா தண்ணி போகும்," என்றாள். "சக்கரத்துக்குப் படுத்துக்கணும், தண்ணிக்கு எந்திரிச்சு நிக்கணும். அப்படி ஒரு படி வேணும்."

"இனிமே துணியால துடைச்சுக்கலாமே," என்றேன்.

"கால் போச்சு, விட்டாச்சு. வியாழக்கிழமையையும் குடுக்கச் சொல்றீங்களா?"

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து தெரு கலகலப்பானதும், பால்கனியிலிருந்து கூடையைக் கயிற்றில் இறக்கினாள். கீழே பங்க்சர் ஒட்டும் ஷஹாத்தாவின் கடை.

"ஏய் ஷஹாத்தா, ரப்பர் இருந்தா போடு!"

"என்ன உஸ்தா, கெய்ரோவுக்கு டயர்ல ஏறிப் போகப் போறீங்களா?"

"ஒன் வாயை ஒட்டத்தான். நெறைய வேணும், போடு!"

கூடையில் லாரிச் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் மண்காப்பு ரப்பர் ஒரு துண்டும், கிழிந்த லாரி டியூப் ஒன்றும் ஏறி வந்தன. மண்காப்பை வெட்டி வாசலில் நிறுத்திப் பார்த்தாள். விறைப்பு அதிகம். சக்கரம் முட்டி நாற்காலி பின்னால் சாய்ந்தது. நான் பிடித்திராவிட்டால் மண்டை போயிருக்கும். "இது வேண்டாம்," என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அடுத்து டியூபை ஒற்றையாக வைத்தாள். சக்கரத்துக்கு வளைந்தது, ஆனால் அப்படியே படுத்துவிட்டது. கால் வாளி தண்ணீர் அதன் மேலேயே நடந்து போனது.

நனைந்த தரையில் உட்கார்ந்து டியூபைக் கையில் மடக்கி மடக்கிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கித்தானின் ஓரத்தில் கயிறு போவதற்கு மடித்துத் தைப்பார்களே, அந்த மாதிரி இரண்டு ஓரத்தையும் ஒன்றாகச் சேர்த்தாள். மடிப்பு மேல்பக்கம் உப்பி நின்றது. விரலால் அமுக்கினால் அமுங்கியது, விட்டால் எழுந்தது.

பழைய ஜன்னலின் அலுமினியப் பட்டையை அறுத்து, ஓரங்களை அதன் அடியில் கொடுத்து, சாணுக்கு ஒரு திருகாணி போட்டாள். டிரில் மெஷினை நான் பிடிக்கவா என்று கேட்டேன். பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டேன். இரண்டு முனைகளையும் நிலையோடு மேலே தூக்கி ஒட்டி, நெடுகச் சிலிகான் பசை பூசி முடித்தபோது பொழுது சாயவில்லை.

"விடியற வரைக்கும் இதுல சக்கரம் ஏறக்கூடாது," என்றாள்.

"அப்போ ராத்திரிக்கு?"

இருவரும் பார்த்துக்கொண்டோம். நான் வீட்டுக்குப் போய்ப் படுக்கைச் சட்டியை எடுத்து வந்தேன். அந்த மாதிரிச் சட்டி மேல் இனி உட்கார மாட்டேன் என்று மருத்துவமனையிலேயே சத்தியம் செய்திருந்தாள்.

"ஒரு ராத்திரிக்குத்தான்," என்றேன்.

"இஹாப்கிட்ட சொன்னீங்கன்னா உங்களையும் டிரில் பண்ணிடுவேன்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு வேன் வந்து நின்றது. இஹாப் கையில் அட்டைப்பெட்டிகளோடு ஏறி வந்தான். பின்னால் நாஷித், கையில் குடையோடு. வேண்டுமென்றேதான் கொண்டுவந்தார். கௌஸர் நாற்காலியில் தயாராக இருந்தாள், பக்கத்தில் மூன்று வாளி. ஸலாம் சொல்லிவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று வீசி ஊற்றினாள். தண்ணீர் வாசலுக்கு ஓடி வந்து, கறுப்பு ரப்பரில் மோதித் திரும்பியது. தள்ளியால் குழிக்குத் தள்ளினாள். இடது மூலையில் மட்டும் நூல் போல ஒரு கசிவு வெளியே வந்தது.

"ஒழுகுது, உம்மா," என்றான் இஹாப்.

"ஒழுகுது. இதுக்கு வேன் வேண்டாம், விரல் போதும்." துடைத்துக் காயவைத்து, பசையை எடுத்து விரலால் அப்பினாள். பிறகு நாற்காலியை உருட்டினாள். ரப்பர் சக்கரத்துக்கு அமுங்கியது, அவள் கடந்ததும் எழுந்து நின்றது. திரையை இழுத்து மூடிக்கொண்டாள். நாங்கள் மூன்று பேரும் நடையில் நின்று வேறு எங்கோ பார்த்தோம். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

இஹாப் குனிந்து ரப்பரை விரலால் அமுக்கினான், விட்டான். மறுபடியும் அமுக்கினான்.

"வண்டிக்காரனைத் திருப்பி அனுப்பாதே," என்றாள் கௌஸர். "ரெண்டு மூட்டை ஜிப்சம் ஏத்திட்டு வரச் சொல்லு. உஸ்தாத் வீட்டுக் கூரையப் பூசணும். என்னால ஏணி ஏற முடியாது. ஒனக்கு ரெண்டு கால் இருக்கு."

இஹாப் கோட்டைக் கழற்றி அட்டைப்பெட்டியின் மேல் வைத்தான். பத்து மணிக்கு நாஷிதின் வரவேற்பறையில் ஏணி மேல் நின்றிருந்தான். மேலே பால்கனியிலிருந்து அவன் அம்மா, கலவையில் தண்ணீர் எவ்வளவு என்று கத்திக்கொண்டிருந்தாள். நான் படுக்கைச் சட்டியைத் தேய்த்துக் கழுவி, எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.