ஏழாவது நிமிடத்தில் அடித்த மணி

டெஸ்மண்ட் பர்கிஸைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் எழுதுகிறேன். வேறு யாராவது எழுதினால் என்னை விட்டுவிட்டு எழுதிவிடுவார்கள்.

லண்டனில் ஃபாரிங்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு பப்பின் மாடியறையில், மாதத்தின் கடைசி வியாழக்கிழமை மாலை நாங்கள் கூடுவோம். நாங்கள் என்றால், அறிவியல் ஆய்விதழ்களை வெளியிட்டுப் பிழைப்பவர்கள். கட்டுரைகளை இணையத்தில் ஏற்றுபவர்கள், மேற்கோள்களைச் சரிபார்க்க நிரல் எழுதுபவர்கள், இப்படி ஒரு முப்பது பேர். பேச வருகிறவருக்கு எட்டு நிமிடம். எட்டு முடிந்ததும் கைமணியை அடிப்பது என் பொறுப்பு. பதினோரு வருடமாக அடிக்கிறேன். பேராசிரியர்களைப் பாதி வாக்கியத்தில் உட்காரவைத்திருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அங்கே பேசப்படுவது பெரும்பாலும் சொந்தப் பெருமைதான். முன்பு ஒன்பது வாரம் பிடித்த வேலை இப்போது நான்கே நாளில் முடிகிறது என்பார்கள். சிப்ஸ் பொட்டலத்தைக் கிழித்து மேஜைமேல் விரித்துப்போட்டு, எல்லோரும் கொறித்துக்கொண்டே கேட்போம், கைதட்டுவோம்.

டெஸ்மண்ட் என் அலுவலகத்துக்காரர். ஐம்பத்தெட்டு வயது. தன் காலை மிதித்தவரிடமே மன்னிப்புக் கேட்கிற மனிதர். அச்சுப் படிகளைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டுகிற காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, நாற்பது வயதுக்கு மேல் மாலை வகுப்புக்குப் போய் நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். என்னைவிட மூத்தவர். ஆனால் அவருக்கு மேலதிகாரி நான்.

பிழை என்று தெரிந்த கட்டுரையை எங்கள் தொழிலில் அழித்துவிடுவதில்லை. 'திரும்பப் பெறப்பட்டது' என்று ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே சிவப்பு முத்திரை குத்தி, அதே இடத்தில் விட்டுவைப்போம். கையால் குத்தினால் அரை நாள் போய்விடும். கட்டுரை எண்ணைக் கொடுத்தால் ஒரே நிமிடத்தில் குத்தித் தருகிற நிரலை டெஸ்மண்ட் எழுதினார். இரண்டு வருடத்துக்கு முன் அதை மாடியறையில் காட்டியபோது அப்படியொரு கைதட்டல். காதுவரை சிவந்து போனார் மனிதர்.

போன நவம்பரில் யாரோ கட்டுரை எண்களின் பட்டியலை வரிசை மாற்றி வைத்திருந்தார்கள். டெஸ்மண்ட் அதைக் கவனிக்காமல் பழைய வரியிலிருந்தே எண்ணை எடுத்துக் கொடுத்துவிட்டார். முத்திரை எல்ஸ்பெத் கேர்ன்ஸ் என்ற பெண்ணின் கட்டுரையில் விழுந்தது. ஏரியடிச் சேற்றைப் பற்றி அவர் ஆறு வருடம் பாடுபட்டு எழுதிய கட்டுரை அது. அதில் ஒரு குற்றமும் இல்லை. ஒன்பது நாள் கழித்து அவரே பார்த்துவிட்டுக் கடிதம் எழுதினார். டெஸ்மண்ட் அதை என்னிடம் கொண்டுவந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

வெளியான கட்டுரையில் ஒரு காற்புள்ளி மாறினாலும் திருத்த அறிவிப்புப் போட வேண்டும் என்பது எங்கள் விதி. இந்த விதியைச் சொல்லி எத்தனை ஆசிரியர்களை நான் அதட்டியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை. அன்றைக்கு டெஸ்மண்டும் அறிவிப்பு எழுதட்டுமா என்றுதான் கேட்டார். முத்திரையில்லாத படியை மறுபடி இணையத்தில் ஏற்றிவிடலாம், அறிவிப்பெல்லாம் வேண்டாம், ஒன்பது நாளில் யார் பார்த்திருக்கப் போகிறார்கள் என்று நான் சொன்னேன். காதும் காதும் வைத்தாற்போல் வேலை முடிந்தது. தொழில்நுட்பக் கோளாறு சரிசெய்யப்பட்டது என்று எல்ஸ்பெத்துக்கு இரண்டு வரி அனுப்பினேன்.

பார்க்கத்தான் பார்த்திருந்தார்கள். அந்த ஒன்பது நாளுக்குள் எல்ஸ்பெத் விண்ணப்பித்திருந்த ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுக்குழு முத்திரை விழுந்த படியை இறக்கி வைத்துக்கொண்டிருந்தது. நிரந்தர வேலை அது. எல்ஸ்பெத்தைப் பேட்டிக்கே கூப்பிடவில்லை. ஏப்ரலில் காரணம் தெரிந்து அவர் மறுபடி எழுதினார். முத்திரை விழுந்த படி இன்னும் எத்தனை பேர் கணினியில் இருக்கிறதோ தெரியாது, தப்பு இதழுடையது என்று பகிரங்கமாக ஓர் அறிவிப்புப் போடுங்கள், ஜூன் கடைசியில் வேறோர் இடத்தில் பேட்டி இருக்கிறது, அதற்குள் போட்டால் போதும் என்றார். சண்டை போடவில்லை, நஷ்ட ஈடும் கேட்கவில்லை. வக்கீலைக் கலந்துகொள்கிறோம் என்று சொல்லி நான் இழுத்தடித்தேன். எந்த வக்கீலையும் நான் கலக்கவில்லை. அறிவிப்புப் போட்டால் நவம்பரில் ஏன் போடவில்லை என்று மேலிடம் கேட்கும். அந்தப் பயம்தான்.

டெஸ்மண்ட் வாரம் ஒரு முறை கேட்பார். நான் ஆகட்டும் என்பேன். பப்பில் ஆளுக்கொரு தடவை வாங்குகிற வழக்கத்தில் தன் முறை வராதபோதும் எழுந்துபோய் எல்லோருக்கும் பியர் வாங்கிவர ஆரம்பித்தார். என்னப்பா லாட்டரி விழுந்துடுச்சா என்று கிண்டல் செய்தார்கள். காரணம் தெரிந்த நான் மட்டும் என் கோப்பையைத் தொடாமல் வைத்துவிட்டு வருவேன்.

ஜூன் மாதக் கூட்டத்துக்கு அவரே பேசப் பெயர் கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமை எல்ஸ்பெத்துக்குப் பேட்டி. வெளியே நல்ல வெயில், ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. டெஸ்மண்ட் திரைக்கு முன்னால் வந்து நின்றார்.

"போன தடவை என் நிரலைக் காட்டினேன், நீங்க கைதட்டினீங்க. அந்தக் கைதட்டலைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துவிட்டார்கள். திரையில் பெயர் மறைக்கப்பட்ட ஒரு பக்கமும் அதன் குறுக்கே சிவப்பு முத்திரையும் வந்தன. வரிசை மாறிய பட்டியல், தான் சரிபார்க்காதது, ஒன்பது நாள், கைநழுவிய வேலை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சிப்ஸ் கொறிக்கும் சத்தம் நின்றுபோனது. கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன், ஏழு நிமிடம் ஆகியிருந்தது. "இப்ப நான் ஒரு பேரைச் சொல்லணும்" என்றார் டெஸ்மண்ட்.

மணியை அடித்துவிட்டேன்.

டெஸ்மண்ட் என்னைப் பார்த்தார். மணிக்கு எப்போதும் கட்டுப்படுகிறவர் அவர். கணினியை மூடினார். யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெண், திருத்த அறிவிப்பு எங்கே, போட வேண்டாம் என்று யார் முடிவு செய்தது என்று கேட்டாள்.

"அதுவும் நான்தான்" என்றார் டெஸ்மண்ட்.

முப்பது பேர் முன்னால் எனக்காக ஒரு பொய். மணியை மடியில் வைத்துக்கொண்டு நான் வாயைத் திறக்கவில்லை. இதைப் போலக் கேவலமான காரியம் என் வாழ்க்கையில் வேறு கிடையாது.

மறுநாள் காலை எட்டு மணிக்கே அலுவலகம் போய் அறிவிப்பை எழுதினேன். பன்னிரண்டு நிமிடம்தான் ஆனது. ஏழு மாதமாக முடியாத வேலை! அதை டெஸ்மண்டின் மேஜையில் வைத்தேன். படித்துவிட்டு, 'தொழில்நுட்பக் கோளாறு' என்று இருந்த இடத்தைப் பேனாவால் அடித்தார்.

"கோளாறு ஒண்ணும் இல்ல, கில்லியன். நான் பார்க்கல, நீ மறைச்சே. அப்படியே எழுது."

எழுதினேன். பிறகு, நேற்று ஒரு நிமிடம் முன்னதாகவே மணியடித்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன்.

"தெரியும். என் கையிலயும் கடிகாரம் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு."

"என் பேரைச் சொல்லிடுவீங்கன்னு பயந்துட்டேன்."

அவர் கணினியைத் திறந்து, முந்தின நாள் காட்டாமல் போன கடைசிப் படத்தை என் பக்கம் திருப்பினார். முத்திரை இல்லாத சுத்தமான முதல் பக்கம். மேலே எல்ஸ்பெத் கேர்ன்ஸ் என்ற பெயர். கீழே, 'இந்தக் கட்டுரையில் எந்தப் பிழையும் இல்லை' என்று ஒரே வரி.

"உன் பேரு இல்ல, அவங்க பேரு. சொல்லட்டுமான்னு கேட்டு அனுமதி வாங்கி வெச்சிருந்தேன்."

பத்து மணிக்கு அறிவிப்பு வெளியானது. மறைத்தது யார் என்பதும் அதில் இருந்தது. மேலிடத்தில் எனக்குக் கிடைத்ததெல்லாம் வெறும் கண்டிப்புக் கடிதம். எல்ஸ்பெத்துக்குத் திங்கட்கிழமை பேட்டியில் வேலை கிடைத்தது. இரண்டு வருட ஒப்பந்தம், நிரந்தரமில்லை. நன்றி என்று ஒரு வரி எழுதியிருந்தார்.

ஜூலைக் கூட்டத்தில் மணியை டெஸ்மண்டின் கையில் கொடுத்துவிட்டு, நான் போய்த் திரைக்கு முன்னால் நின்றேன். அந்தக் கடைசிப் படத்தைப் போட்டு, அந்தப் பெயரையும் அந்த வரியையும் வாசித்து, போன மாதம் மணியடித்தது ஏன் என்பதையும் சொன்னேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சொல்லி முடித்தும் உட்காரத் தோன்றாமல், மணி அடிக்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன். டெஸ்மண்ட் எட்டு நிமிடமும் முடியும்வரை அடிக்கவில்லை.